"எங்க லிமிட் இல்ல சார்": காவல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

நிலையத்தில் புகார், உதவி ஆணையருக்குப் பதிவுத் தபால், உங்கள் அலுவலகத்துக் குறைதீர் நாளில் மனு என்று எல்லாம் முறைப்படிதான் செய்தேன். எல்லாம் 'உரிய நடவடிக்கைக்காக' அதே நிலையத்துக்கே திரும்பிப் போயின. வேறு வழியில்லாமல் ஊரறிய எழுதுகிறேன்.

கல்யாண மண்டப வாசலில் நிறுத்தியிருந்த என் காரின் கண்ணாடியை உடைத்து, லேப்டாப், டேப்லெட், ஹார்டு டிஸ்க் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கார் காப்பீடு கண்ணாடிக்குப் பணம் தரும், பைக்குத் தராது. இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், எல்லை பார்க்காமல் எந்த நிலையமும் அதைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் சொல்வதையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம். எனக்குக் கிடைத்தது எஃப்.ஐ.ஆர். அல்ல, புகாரைப் பெற்றதாகச் சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. அது கிடக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்ததை மட்டும் கேளுங்கள்.

திருடுபோன டேப்லெட்டை யாரோ இன்டர்நெட்டில் இணைத்திருக்கிறார்கள். என் போனின் வரைபடத்தில் அது புள்ளியாகத் தெரிந்தது. பழைய செல்போன் வாங்கி விற்கும் தெரு. நிலையத்துக்கு ஓடினேன். "எஸ்.ஐ. ஐயா பந்தோபஸ்துல இருக்காரு" என்றார் ரைட்டர். பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது எங்க லிமிட்டே இல்ல சார்" என்றார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த லிமிட்டுக்குரிய நிலையத்துக்குப் போனால், "சம்பவம் நடந்த இடத்துல கேஸ் போட்டுட்டு வாங்க." அங்கே ஒருவர் மட்டும் மனமிரங்கி யோசனை சொன்னார்: "நீங்களே போய்ப் பாருங்க, பொருள் இருந்தா போன் பண்ணுங்க." திருட்டுப் பொருள் வாங்குகிறவன் கடைக்கு நான் தனியாகப் போய், போலீஸ் வரும்வரை அவனோடு டீ குடித்துக்கொண்டு இருக்க வேண்டுமாம்! இரவு வரை புள்ளி நகரவில்லை. பிறகு அணைந்துவிட்டது.

திருடன் எந்த நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு எல்லை தாண்டினான், ஆணையரே?

மீட்ட செல்போன்களை மேசையில் அடுக்கி, உரியவர்களிடம் நீங்கள் ஒப்படைக்கும் படம் அண்மையில்கூட நாளிதழில் வந்தது. வாழ்த்துகள். என் டேப்லெட்டும் அந்த மேசைக்கு வந்திருக்கும். ஒரே ஒரு காவலர் அந்தத் தெரு வரை போயிருந்தால் போதும்.

மண்டபத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடைக்காரர், 'மூன்றாவது கண்' என்று உங்கள் துறை செய்த பிரசாரத்தை நம்பிச் சொந்தக் காசில் கேமரா மாட்டியவர். கண்ணாடியை உடைத்தவர்களின் முகம் அதில் பதிந்திருந்தது. கேட்டு யாரும் வரவில்லை. நாளானால் பழைய காட்சி அழிந்து புதியது பதிந்துவிடும் என்று அவரே பென் டிரைவில் எடுத்து என்னிடம் கொடுத்தார். இப்போது அந்தக் காட்சி கடையில் இல்லை, என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

லேப்டாப் போனால் போகட்டும். ஹார்டு டிஸ்க்கில் இருந்த எங்கள் வீட்டுப் படங்களுக்கு எந்தக் கடைக்காரனும் காலணா தரமாட்டான். அதையாவது தேடச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். இரண்டும் முடியாதென்றால், எந்த நிலையத்தின் லிமிட்டில் நின்று நீட்டினால் இந்தப் பென் டிரைவை வாங்கிக்கொள்வார்கள் என்றாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மனுதாரர்