பொருநையின் உயிர்வளி

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று நம்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணிக்கு அந்நம்பிக்கை ஓரளவு பொருந்தலாம். திருநெல்வேலியைக் கடந்து திருவைகுண்டம் நோக்கிச் செல்லும் அதே ஆற்றுக்குப் பொருந்துமா? மாநகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது ஊரறிந்த செய்தி. 2024 இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து பார்வையிடும் அளவுக்கு அது முற்றிவிட்டது. எனினும், எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கேட்டால் எண்ணால் விடை கூறுவோர் நம்முள் அரியர்.

அவ்வெண்ணைத் தரவல்லது நீரில் கரைந்துள்ள உயிர்வளி (ஆக்சிஜன்). மீன்கள் உயிர்ப்பது இதைக் கொண்டே. 30 பாகை வெப்பமுள்ள நன்னீர் காற்றிலிருந்து லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் அளவே இதனை ஏற்கும். சாக்கடை கலந்தாலோ, அக்கழிவை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் இச்சிறு கையிருப்பையும் செலவழித்துவிடுகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிநீராக்கத்தக்க ஆற்றுநீரில் 6 மில்லிகிராமுக்கும், குளிக்கத்தக்க நீரில் 5 மில்லிகிராமுக்கும் குறையலாகாது.

இதனை அளக்கும் முறையை 1888 இல் அங்கேரி நாட்டு வேதியியலார் விங்க்ளர் வகுத்தளித்தார். காற்றுக்குமிழி புகாமல் புட்டியை நிரப்பி, ஆற்றங்கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் காரங்கலந்த அயோடைடும் இடவேண்டும். பழுப்பு வீழ்படிவு தோன்றினால் உயிர்வளி உண்டு. வெண்மையாகவே நின்றால் அந்நீர் மூச்சிழந்தது. பின்னர் அமிலம் சேர்த்துத் தயோசல்பேட்டுக் கரைசலால் தரம் பார்க்க, ஸ்டார்ச்சின் நீலம் மறையுமிடத்தில் அளவு கிட்டும். நம் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகத்தில் இல்லாத பொருள் எதுவும் இதிலில்லை.

ஆனால் காலைச் சிற்றுண்டி முடித்துப் பதினொரு மணிக்குப் புட்டியோடு புறப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையால் உயிர்வளியை வெளியிடும். இரவெல்லாம் அவையே அதை உட்கொள்ளும். எனவே நண்பகல் அளவு ஆற்றைப் புகழ்ந்துரைக்கும். விடியற்காலை அளவே உள்ளதை உரைக்கும்.

இவ்வோர் எண்ணே போதுமென்றும் நாம் வாதிடவில்லை. நோய்க்கிருமியை இது காட்டாது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களின் நிலத்தடி நீரைக் கெடுத்த உப்பையும் குரோமியத்தையும் காட்டாது. 1996 இல் உச்சநீதிமன்றம் அங்கு இழப்பீடு விதித்துத் தீர்ப்பளித்தது. அத்தொழிலில் நம்மவர் பலர் இருப்பதால் இதை நாமே சொல்வது முறை.

தமிழ்த்துறை மலரில் வேதியியலா என்று சிலர் வினவக்கூடும். பொருநையைப் பாடிய ஏடுகளைப் போற்றும் நாம், பொருநை நீரைப் புட்டியில் எடுத்துப் பார்க்கவும் கடமைப்பட்டவர்களல்லவா? நகருக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் எனக் குறித்து, மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் எழுதி வருவோம். அதன் படியை மாநகராட்சியிடம் ஒப்படைக்கும் பொறுப்பைப் பெரியோர் ஏற்கட்டும். முதல் அளவை, ஆறு மெலிந்திருக்கும் கோடையில், கதிரவன் எழுமுன் எடுக்கலாம்.