அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற லங்காவி

கெடாவிலேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, இங்கேயே ஓய்வுபெற்ற நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் லங்காவியைப் பார்த்திருக்கிறார்கள்? கோலா கெத்திலைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் போயிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பார்கள். பெரியவர்களில் பலர் கோலா கெடா ஜெட்டியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கிருந்தெல்லாமோ விமானம் ஏறி வந்து பார்க்கிற தீவு நமக்குச் சுமார் 100 கிலோமீட்டர் சாலை, அப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரக் கடல். அவ்வளவுதான் தூரம்.

என் அம்மாவுக்கு வயது 74. முப்பது வருடம் காண்டா வாளி சுமந்த தோள், மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய முழங்கால். "அங்கெல்லாம் நான் எதுக்குடா? சின்னப் பிள்ளைங்க நீங்க போயிட்டு வாங்க" என்பதுதான் எப்போதும் அவரது பதில். அப்பா, "அடுத்த வருசம் பார்ப்போம்" என்பார். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. அதனால் இம்முறை நாங்கள் பிள்ளைகள் மூவரும் என்னென்ன பார்ப்பது என்று பட்டியல் போடவில்லை. அம்மா ஒரே மூச்சில் எத்தனை படி ஏறுவார் என்று கேட்டுக்கொண்டோம். கைப்பிடி இருந்தால் இருபது. மற்ற திட்டமெல்லாம் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும்.

முதல் தலைவலி நாள் பார்ப்பது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் சிலாங்கூரிலும் சனியும் ஞாயிறும். தங்கை இங்கே பள்ளி ஆசிரியை. நானும் அண்ணனும் வெளி மாநிலத்தில் வேலை. குடும்பத்துக்குப் பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். கோலா கெத்திலில் பாதி வீடுகளுக்கு இந்தக் கணக்குப் புரியும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. பெரியவர்களை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது அவர்களைப் பெர்ரிக்கும் காருக்கும் நடுவில் அலைக்கழிப்பது. பள்ளி விடுமுறையில் ஞாயிறு காலை புறப்பட்டு, இரண்டு இரவு தங்கி, செவ்வாய் திரும்புவது என்று முடிவானது. எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு நாள் விடுப்புப் போனது. வாரக் கடைசிக் கூட்டம் கரையேறிய பிறகு தீவு எங்களுக்குக் கிடைத்தது. மாதத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் மழையும் அலையும் சேர்ந்து வரும்.

கோலா பெர்லிஸிலிருந்து போனால் கடல் பயணம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் நமக்கு அது சாலையில் வடக்கே இன்னும் வெகுதூரம். கோலா கெடாதான் வசதி. சுங்கை பட்டாணி போய் நெடுஞ்சாலை ஏறினால் இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். அலோர் ஸ்டாரில் இறங்கி ஜெட்டிக்குப் போய்விடலாம். எல்லாருடைய அடையாள அட்டையும், பிள்ளைகளின் மைகிட்டும் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். பெர்ரிக்குள் குளிர்சாதனம் எலும்புவரை போகும், சால்வை கட்டாயம். இருக்கை கதவுக்கு அருகில் இருந்தால் பெரியவர்கள் இறங்குவது எளிது. அம்மா புறப்பட்ட பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டார். குமட்டல் வந்தது அண்ணனுக்கு.

குவாவில் இறங்கியதும் வாடகைக் காரைப் பேசி எடுத்துக்கொண்டோம். காரையும் ஏற்றிப் போகும் கப்பல் உண்டு, இரண்டு இரவுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. ஜெட்டிக்குப் பக்கத்திலேயே 12 மீட்டர் உயரக் கழுகுச் சிலை. லங்காவி என்ற பெயருக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: 'ஹெலாங்' என்றால் கழுகு, 'காவி' என்றால் செம்பழுப்பு. காவி நிறத்தை நமக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

தெலாகா துஜோ நீர்வீழ்ச்சியை முதலிலேயே அடித்துவிட்டோம். ஏழு குளங்கள்வரை ஏற 600-க்கும் மேற்பட்ட படிகள். டாயாங் பூந்திங் ஏரியும் போயிற்று. தீவுத் தீவாகக் கூட்டிப்போகும் விசைப்படகுகளில் குதிரை மாதிரி எகிறிக்கொண்டு போக வேண்டும், இறங்கினால் ஏற்ற இறக்கமான நடை, வழியில் பையைப் பறிக்கும் குரங்குகள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்கும் என்ற கதையை அம்மாவிடம் சொன்னோம். "மூணு போதும்" என்றார்.

அதற்குப் பதிலாகக் கிலிம் சதுப்புக்காடு. கூரை போட்ட படகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் பார்க்கலாம். ஒருபக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் கண்டல் மரங்கள். 2007-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற லங்காவி புவிப்பூங்காவில் இதுவும் ஒரு பகுதி. வெண்தலையும் செம்பழுப்புச் சிறகுமாகப் பருந்துகள் தலைக்கு மேல் வட்டமிட்டதும் அம்மா கைகளைக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுற்றுலாக்காரர்களுக்கு அது கழுகு, அவருக்குக் கருட தரிசனம். சில படகோட்டிகள் கோழித்தோலை வீசிப் பருந்துகளை இறக்கிக் காட்டுவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேட்டையாடத் தெரிந்த பறவையைக் கையேந்த வைப்பதில் என்ன காட்சி இருக்கிறது? வௌவால் குகைக்குள் பிள்ளைகள் மட்டும் போனார்கள்.

கேபிள் காரில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அண்ணன் வேண்டாம் என்றார், அம்மா "போலாமே" என்றார். மச்சிஞ்சாங் மலையில் 700 மீட்டர் உயரம்வரை தூக்கிப் போகிறது. காலுக்குக் கீழே இருப்பது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுப் பாறை. காலையில் முதல் ஆளாகப் போங்கள். வரிசை நீளாது, மேகமும் குறைவு. காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி நாளுக்கு இதைத் தள்ளாதீர்கள். மைகாட் காட்டினால் மலேசியருக்கான கட்டணம். வளைந்து நிற்கும் 125 மீட்டர் தொங்கு பாலத்துக்குத் தங்கை பிள்ளைகளைக் கூட்டிப்போனார். ஷாருக் கானின் 2006 'டான்' படத்தில் இறுதிச் சண்டை நடக்கும் பாலம் அது. அம்மா மேல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "கரை எந்தப் பக்கம்?" என்றார். கிழக்கே கை காட்டினேன். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார்.

மத்தியானம் தீவை காரில் ஒரு சுற்று வந்தோம். இதைத்தான் எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். நுழைவுச்சீட்டு இல்லை, படி இல்லை. தஞ்சோங் ருவில் சவுக்கு நிழல், உள்ளே திரும்பினால் நெல் வயல், எருமை, மரவீடுகள். ஒரு வளைவில் "நிறுத்து" என்றார் அம்மா. சாலையோரம் ஒரு ரப்பர்த் தோட்டம். இறங்கிப் போய் ஒரு மரத்தின் வெட்டுக்காயத்தை விரலால் தடவினார். "பட்டையை ஆழமா வெட்டியிருக்கான். மரம் தாங்காது." அப்புறம் பத்து நிமிடம் பேரனுக்குப் பாடம்: எத்தனை மணிக்கு எழுந்து வெட்டப் போவார்கள், வெயில் ஏறினால் பால் ஏன் குறையும், மழை பெய்தால் அன்றைய கூலி என்ன ஆகும். கல்லூரிக்குப் போகிற வயதில் இருக்கும் அவன் அதுவரை பாட்டியிடம் இதைக் கேட்டதே இல்லை. தீவில் அவன் கைப்பேசியைப் பைக்குள் வைத்த ஒரே நேரமும் அதுதான்.

மசூரி சமாதியில் அதிகம் நடக்க வேண்டியதில்லை. பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பெண், வெள்ளை ரத்தம், ஏழு தலைமுறைச் சாபம். கதையைக் கேட்டதும் அம்மா, "நம்ம கண்ணகி" என்று முடித்துவிட்டார். 1821-இல் சயாம் படை கெடாவைத் தாக்கியபோது எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று நெல்லை எரித்த இடமும் பாடாங் மட்சிராட்டில் இருக்கிறது. செனாங் கடற்கரைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும்.

இனி கடை. 1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவு. சாக்லேட்டும் தட்டுமுட்டுப் பாத்திரமும் வாங்காமல் நம்மவர்கள் திரும்புவதில்லை. வரியில்லாப் பொருளைக் கரைக்குக் கொண்டுவரக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் தீவில் தங்கியிருக்க வேண்டும், எவ்வளவு கொண்டுவரலாம் என்று சுங்கத்துறை விதி இருக்கிறது. புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கான் வாங்குகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஜெட்டியில் நடக்கப்போவது யார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது நான்.

திரும்பும் பெர்ரிக்கு மத்தியானச் சீட்டு எடுங்கள், கடைசிப் பெர்ரி வேண்டாம். கடல் கொந்தளித்தால் சேவை தள்ளிப்போகலாம். கடைசிப் பெர்ரியும் தவறினால் இன்னோர் இரவு வாடகை. அதோடு கோலா கெடாவில் இறங்கியதும் லக்சா சாப்பிட நேரம் வேண்டும். அம்மா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.