பெயரை ஒப்பித்தால் புரோகிராம் வந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அவசியம் படிக்க வேண்டும்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் இன்று பி.சி.ஏ., பி.எஸ்சி. படிக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பயிற்சி மையம் அவர்களுக்குக் கொடுப்பது என்ன? ‘ஜாவா ஸ்ட்ரீம் கேள்வி பதில்’ என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு!

நான் இடைநிலை ஆசிரியன். ஓய்வு பெற்ற பிறகு, தெருப் பிள்ளைகளுக்கு உதவ ஜாவா கற்றேன். 2014 மார்ச்சில் ஜாவா 8 உடன் வந்தது ஸ்ட்ரீம். அதற்குத் துணையாக ‘கலெக்டர்ஸ்’ என்று ஒரு கிளாஸ். மாவட்ட கலெக்டர் அல்ல! ஸ்ட்ரீமில் வரும் தரவுகளை எப்படிச் சேர்த்து வைப்பது என்று சொல்லும் மெத்தட்கள் அதில் தயாராக இருக்கின்றன. டூலிஸ்ட், டூமேப், குரூப்பிங்பை, ஜாயினிங் என்று பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்.

“டூமேப்பில் ஒரே கீ இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டால் விழிக்கிறார்கள். அப்போது எதை வைத்துக்கொள்வது என்று நாம் சொல்லாவிட்டால், புரோகிராம் பிழை காட்டி நின்றுவிடும். கட்டில் இது இல்லை.

“இப்போது மனப்பாடம் செய்யட்டும், வேலைக்குப் போனால் தானாகப் புரியும்” என்கிறார்கள். இன்டர்வியூவில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே பிள்ளை வாயடைத்துப் போகிறதே, வேலை எப்படிக் கிடைக்கும்? கடைசியில் அம்மா போகும் அதே கம்பெனி பஸ்தான்.

இத்தனைக்கும் இந்த விஷயம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பா தோலைத் தரம் பார்த்து முதல், இரண்டாம், மூன்றாம் ரகம் என்று தனித்தனியாக அடுக்குகிறாரே, அதுதான் குரூப்பிங்பை. ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை என்று எண்ணினால் கவுண்டிங். ஓட்டை உள்ளது, இல்லாதது என்று இரண்டே பங்காகப் பிரித்தால் பார்ட்டிஷனிங்பை. இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குப் புரியாது?

முதலில் ஃபார் லூப்பில் அந்த அடுக்கலைத் தானே எழுதட்டும். பிறகு அதையே குரூப்பிங்பை கொண்டு ஒரே வரியில் எழுதட்டும். இரண்டுக்கும் விடை ஒன்றா என்று பார்க்கட்டும். இதற்கு இரண்டு நாள் போதும். அதைக்கூடச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் வாங்குவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

பெற்றோரே, பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பிள்ளை தன் கையால் எழுதிப் பார்க்க வாரத்தில் எத்தனை மணி நேரம் தருவீர்கள்?” பதில் வராவிட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.