பயத்துக்கு ஒரு ஏணி போடுங்க!

நாளைக்கு உங்களுக்கு செமினார். இன்னிக்கு ராத்திரியே வயிற்றில் புளி கரைய ஆரம்பிச்சாச்சு. 'லேசா ஜுரம் அடிக்கிற மாதிரி இருக்கே...' என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்கள். விடிந்ததும் ஹெச்.ஓ.டி-க்கு ஒரு போன். 'சார், உடம்பு சரியில்லை சார்!' போனை வைத்த அடுத்த நிமிஷம்... அப்பாடா! ஜுரமும் போச்சு, புளியும் போச்சு. மெஸ்ஸில் நாலு இட்லி கூடுதலாகவே உள்ளே போகிறது.

அந்த 'அப்பாடா' இருக்கே, அதுதான் பாஸ் வில்லன்!

எப்படீங்கறீங்களா? ஓடித் தப்பித்ததும் கிடைக்கிற நிம்மதியை மனசு ஒரு பரிசாக எடுத்துக்கொள்கிறது. 'ஓடினதாலதான் பிழைச்சோம்' என்று தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நின்று பேசியிருந்தாலும் தலை ஒன்றும் போயிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே இல்லை. அதனால் அடுத்த முறை பயம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்து வரும். முதலில் செமினாருக்கு டிமிக்கி. அப்புறம் வைவாவில் பேய்முழி. அதற்கப்புறம் குரூப் டிஸ்கஷன். கடைசியில், கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனி வந்து உட்கார்ந்திருக்க, நாம் ஹாஸ்டல் ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருப்போம். படிப்பு குறைச்சல் இல்லை, மார்க் குறைச்சல் இல்லை. பயம் மட்டும் பங்காளி மாதிரி வந்து பாதி வாழ்க்கையை எழுதி வாங்கிக்கொண்டு போய்விடும்.

சரி, என்னதான் வழி? முதலில் ஒரு பத்தொன்பது வயசுப் பையனின் கதை.

பூங்காவில் நூறு பேர்

ஆல்பர்ட் எல்லிஸ். ஊர் நியூயார்க். 1930-களின் தொடக்கம். பெண்களிடம் பேசுவது என்றாலே பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு கோடைக்காலத்தில் தனக்குத்தானே ஒரு ஹோம்வொர்க் கொடுத்துக்கொண்டான். பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்குத் தினமும் போக வேண்டும். பெஞ்சில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரே நிமிஷத்துக்குள் பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். பூ, பறவை, புத்தகம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்!

ஒரு மாசம் கழித்து ரிசல்ட். சுமார் 130 பேர் பக்கத்தில் உட்கார்ந்ததில் 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரிடம் பேசியாச்சு. 'அப்புறமா சந்திக்கலாம்' என்றவர் ஒரே ஒருத்தர். அவரும் சொன்ன இடத்துக்கு வரவில்லை!

கணக்குப்படி படு தோல்வி. ஆனா பயம் போயே போச்சு. யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை. வானம் இடிந்து விழவில்லை. 'வேண்டாம்' என்று நூறு தடவை கேட்டும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று பையனுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பையன்தான் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற உளவியல் நிபுணரானார். 1955-ல், எண்ணத்தை மாற்றி உணர்ச்சியைச் சரி செய்யும் புதுச் சிகிச்சை முறை ஒன்றைக் கொண்டுவந்தார். 2007-ல், 93 வயதில் இறந்தார்.

ஹலோ, எங்கே கிளம்பிட்டீங்க? பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்களிடம் போய் இதை டெஸ்ட் பண்ணினால் அதற்குப் பேர் சிகிச்சை இல்லை, தொந்தரவு. உங்க பயத்துக்கு இன்னொருத்தரைப் பலியாக்கக் கூடாது. எல்லிஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எதைக் கண்டு ஓடுகிறோமோ, அதன் பக்கத்தில் போய் உட்காருவது.

ஒரே தாவா, படிப்படியா?

எல்லிஸ் மாதிரி குதிக்க எல்லாராலும் முடியாது. முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 1924-ல் அமெரிக்காவின் மேரி கவர் ஜோன்ஸ் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். ஹீரோ, மூணு வயசுகூட நிரம்பாத பீட்டர். முயலைக் கண்டால் அலறுவான். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் முயலை அறையின் அந்தக் கோடியில் வைத்தார்கள். அவன் பழகப் பழக, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கடித்து விளையாடுகிற அளவுக்கு ரெண்டு பேரும் தோஸ்த்!

தென்னாப்பிரிக்க டாக்டர் ஜோசப் வோல்ப் 1950-களில் இதை முறையான சிகிச்சையாக்கினார். பயங்களை வரிசைப்படுத்தி ஏணி போடு. ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 100 வரை பயமார்க் கொடு. கீழ்ப்படியிலிருந்து ஏறு. உங்க செமினார் ஏணி இப்படி இருக்கலாம்:

20 மார்க்: ரூமில் தனியாக நின்று, சத்தமாகப் பேசுவது.
35 மார்க்: ரூம்மேட்டை உட்காரவைத்துப் பேசுவது.
50 மார்க்: காலி வகுப்பில், போர்டு பக்கத்தில் நின்று, நாலு நண்பர்கள் முன்னால் பேசுவது.
70 மார்க்: வகுப்பு நடக்கும்போது எழுந்து ஒரு சந்தேகம் கேட்பது.
90 மார்க்: செமினார்!

ஒரு படி பழகிய பிறகு அடுத்த படி. பாதியில் இறங்கி ஓடினால் பழைய 'அப்பாடா' வில்லன் திரும்பி வந்துவிடுவான், ஜாக்கிரதை.

இன்னொரு டிப்ஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மிஷெல் கிராஸ்கே என்ன சொல்கிறார் தெரியுமா? பழைய பயம் மனசிலிருந்து அழிவதில்லை. அதன் பக்கத்திலேயே 'இது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடம் பதிகிறது. எது பலமோ அது ஜெயிக்கும். அதனால் பேசுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். 'வாய் குழறும், எல்லாரும் சிரிப்பாங்க, பாதியில நிறுத்திடுவேன்.' முடிந்ததும் சீட்டை எடுத்துச் சரிபாருங்கள். ஒருவேளை வாய் குழறியிருக்கலாம். மற்ற ரெண்டும்? எதிர்பார்த்ததுக்கும் நடந்ததுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளியோ, அவ்வளவு ஆழமாகப் பாடம் பதியும். இடத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பழகினால் இன்னும் நல்லது.

முகத்தை மூடினால் மனசு மூடாது

'உள்ளே உதறினாலும் வெளியே கெத்தா நின்னுடணும்' என்பது நம்ம பாலிசி. இதையும் டெஸ்ட் பண்ணிவிட்டார்கள். 1998-ல் ஜேம்ஸ் கிராஸ், 120 மாணவர்களுக்குக் கையைத் துண்டிக்கும் ஆபரேஷன் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு குழு சும்மா பார்த்தது. இன்னொரு குழுவுக்கு 'முகத்தில் எதையும் காட்டக் கூடாது' என்று உத்தரவு. மூன்றாவது குழுவுக்கு 'ஒரு டெக்னிக்கல் விஷயமாப் பாருங்க' என்று அட்வைஸ்.

முகத்தை மூடியவர்களுக்கு அருவருப்பு துளியும் குறையவில்லை. உடம்பின் படபடப்புதான் கூடியது! பார்வையை மாற்றியவர்களுக்கு அருவருப்பே குறைந்துவிட்டது. 2000-ல் ஜேன் ரிச்சர்ட்ஸும் கிராஸும் செய்த ஆய்வில், உணர்ச்சியை மறைக்கப் பாடுபட்டவர்களுக்கு அந்த நேரத்தில் பார்த்த, கேட்ட விவரங்கள் சரியாக நினைவில் நிற்கவில்லை என்று தெரிந்தது. வைவாவில் 'கொஸ்டின் என்ன சார்?' என்று நாம் திருப்பிக் கேட்கிற ரகசியம் இப்போ புரியுதா?

பார்வையை எப்படி மாற்றுவது? ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கரோக்கியில் பாடப்போகிறவர்களில் சிலரை 'எனக்குப் பதற்றமா இருக்கு' என்று சொல்லச் சொன்னார். சிலரை 'எனக்கு உற்சாகமா இருக்கு' என்று சொல்லச் சொன்னார். மெஷினே மார்க் போட்டது. பதற்றம் என்றவர்களுக்குச் சராசரி 53. உற்சாகம் என்றவர்களுக்கு 80! இதயம் தடதடக்கிறது பயத்திலும்தான், சந்தோஷத்திலும்தான். அதை வம்பாக அமுக்குவதைவிட, அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

ஒரு சீரியஸ் விஷயம்

இதெல்லாம் சாதாரண மேடை நடுக்கத்துக்கு. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வகுப்புப் பக்கமே போக முடியவில்லை, திடீர் திடீரென்று மூச்சு முட்டுகிறது, வாழவே பிடிக்கவில்லை என்றால் தனியாக ஏணி ஏறாதீர்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மனநல டாக்டரையோ, உளவியல் நிபுணரையோ பாருங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஜுரத்துக்கு மாத்திரை கேட்க வெட்கப்படாத நாம், இதுக்கு மட்டும் ஏன் பாஸ் வெட்கப்படணும்?

மற்றவர்களுக்கு இந்த வார அசைன்மென்ட்: ஏணியின் முதல் படியை மட்டும் ஏறுங்கள். ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக அஞ்சு நிமிஷம் பேசுங்கள். பக்கத்து ரூம்காரன் 'என்னாச்சுடா இவனுக்கு?' என்று எட்டிப்பார்த்தால் இன்னும் வசதி. அவனைப் பிடித்து உட்காரவைங்க... ரெண்டாவது படி ரெடி!