ஓசி சாமான் ஆபீஸுக்கு ஆகாதா?

"ஓசியில கிடைக்கறதை நம்பி பேங்க் நடத்த முடியுமா சார்?"

கூட வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். லினக்ஸ்னு சொன்னாலே அன்னதான வரிசையில நிக்கிறவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறாங்க. இத்தனைக்கும் அவர் கையில இருந்தது ஆண்ட்ராய்டு போன். அதுக்குள்ள ஓடறதே லினக்ஸ் கெர்னல்தான்!

லண்டன் பங்குச்சந்தை 2011-ல் லினக்ஸுக்கு மாறிடுச்சு. ரெட்ஹேட் கம்பெனியை 2019-ல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கிச்சு. ஓசி சாமானுக்கா இவ்வளவு விலை? சர்வர் ரூம்ல சண்டை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. பாக்கி இருக்கறது நம்ம மேசைதான்.

மேசையில தோக்குதுங்கறது உண்மைதான். நான் முன்னாடி இருந்த ஒரு கிளையில நாலு கவுண்டர்ல லினக்ஸ் போட்டோம். பாஸ்புக் பிரிண்டர் அடிக்கலை. டிரைவர் இல்லை, கூப்பிட்டுக் கேட்க ஆளும் இல்லை. மூணாவது வாரம் பழையபடி விண்டோஸ். "அப்பவே சொன்னோம்ல" என்றார்கள். லைசென்ஸ் காசு மிச்சம்னு நோட் போட்டோமே தவிர, அதுல ஒரு பங்கைப் பயிற்சிக்கும் ஆளுக்கும் ஒதுக்கலை. பி.காம் படிச்ச எனக்கே அது அப்ப உறைக்கலை. தோத்தது லினக்ஸ் இல்லை, எங்க பட்ஜெட்.

எங்க ஊர் வண்டிப்பெரியாருக்கு வந்து பாருங்க. போன லீவுல அக்கா மகள் ஸ்கூல் லேப்டாப்பைத் திறந்தா, லினக்ஸ். "மாமா, இது கூடத் தெரியாதா?"ன்னு மெனுவைக் காட்டிக் கொடுத்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் இதுலதான் கத்துக்கறாங்க. கேரளாவின் ஐடி@ஸ்கூல் (இப்போ கைட்) முதல்ல வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்துச்சு. 2 லட்சம் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல 3,000 கோடி ரூபாய் மிச்சம்னு 2019-ல் கணக்குச் சொன்னாங்க. ஸ்கூல் வேற, வியாபாரம் வேறங்கறீங்களா? எங்க வீட்டு கரண்ட் பில்லுக்கு மின்வாரியத்து எஞ்சினியர்கள் எழுதினதுதான் 'ஒருமா'. அதுவும் கட்டற்ற மென்பொருள் மேலதான்.

தமிழ்நாட்டுல எல்காட்டை உமாசங்கர் ஐஏஎஸ் லினக்ஸ் பக்கம் திருப்பினார். 2008-ல் அவர் மாற்றப்பட்டதும் அந்த வேகம் போச்சு. கேரளாவுல அமைப்பு தாங்கிச்சு, இங்கே ஒரு தனி மனுஷர் தாங்கினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

காசை விடுங்க, பேங்க்காரன் கவலை வேற. 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கையை விரிச்சது. அதுக்கப்புறமும் நம்ம ஊர் ஏடிஎம்கள் பலது அதுலயே ஓடிச்சு. 2019 ஜூனுக்குள்ள மாத்துங்கன்னு ரிசர்வ் வங்கி 2018-ல் கெடு வைக்க வேண்டி வந்தது. பணப்பெட்டி நம்மளது, அதை எப்ப மாத்தணும்னு முடிவு பண்றது வேற ஒருத்தனா?

கடைசியா ஒண்ணு. நம்மில் எத்தனை பேர் வீட்டுல திருட்டு விண்டோஸ் ஓடியிருக்கு? அதை வெச்சுக்கிட்டு லினக்ஸை 'ஓசி'ன்னு சிரிக்கிறோம். உங்க ஆபீஸ்ல லினக்ஸ் பேச்சு வந்தா "எவ்வளவு மிச்சம்?"னு கேட்காதீங்க. "யாரைப் பயிற்சிக்கு அனுப்பறோம்?"னு கேளுங்க. அதுக்குப் பதில் இல்லைன்னா, தயவுசெஞ்சு தொடங்கவே வேணாம்.