தண்டையலுக்கு மிஞ்சுவது என்ன?

கடலுக்குச் செல்வோன் கைநிறைய உழைக்கின்றான் என்று கரையில் இருப்போர் பேசுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். சந்தையில் மீன் விற்கும் விலையைக் கண்டு எழும் பேச்சு இது. அவ்விலையிற் படகைச் செலுத்தும் தண்டையலின் மடிக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தோர் எத்தனை பேர்?

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை கொண்டு சென்றோர் வல்வைத் தண்டையலும் மாலுமிகளுமே. அம்மரபின் வழிவந்து இன்று பிறர் படகைச் செலுத்துவோனுக்கு மாதச் சம்பளம் இல்லை. பங்கு மட்டுமே உண்டு. மீன் விற்ற பணத்தில் முதலில் எரிபொருள், ஐஸ், இரை, உணவு ஆகியவற்றின் செலவு கழியும். மிஞ்சியதிற் பெரும்பாலும் பாதி படகுக்கும் வலைக்கும் போகும். எஞ்சியதையே தண்டையலும் கூட்டாளிகளும் பகிர்ந்துகொள்வர். பங்கின் அளவு துறைக்குத் துறை வேறுபடலாம். செலவு முதலில், மனிதன் கடைசியில் என்னும் வரிசை மாறுவதில்லை.

இவ்வரிசையின் கொடுமையை 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் காட்டியது. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. 40 லீற்றர் எரிக்கும் படகுக்கு 3,480 ரூபாவாக இருந்த செலவு 13,600 ரூபாவாக ஏறியது. ஏறிய 10,120 ரூபாவில் பாதி, ஆட்களின் பங்கிலிருந்தே பறிபோனது. விலை பின்னர் இறங்கியது, பங்குமுறை இறங்கவில்லை.

இலாபத்திற் பங்குகொள்வோன் நட்டத்திலும் பங்குகொள்வதே நீதி என்பர் சிலர். நன்று! ஆயின் ஆபத்திலும் அவ்வாறே பங்கிடப்படுகின்றதா? 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், எல்லை தாண்டி வந்த இந்திய இழுவைப்படகுகளின் ஓட்டிகளுக்கு ஊர்காவற்றுறை நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்தது. எம்மவர் வலையை அறுக்கும் இழுவைப்படகுகளுக்காக நாம் பரிந்து பேசவில்லை. சிறைக்குச் சென்றவன் ஓட்டி. முதலாளி கரையில் இருந்தான் என்பதையே சுட்டுகின்றோம். பாக்குநீரிணையின் இரு கரையிலும் நிலை இதுவே.

உழவர் பெருமக்களே! வாரத்துக்கு உழுத விவசாயியின் உரிமையைக் காக்க 1958ஆம் ஆண்டில் நெற்காணிச் சட்டம் வந்ததை நீங்கள் அறிவீர்கள். வயலின் வாரத்தைச் சட்டம் எழுத்தில் அளக்கலாம் என்றால், கடலின் பங்கை ஏன் அளக்கலாகாது? 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தொழிற்றாபனத்தின் 188ஆம் இலக்கச் சமவாயம், பங்கின் அளவும் அதனைக் கணக்கிடும் முறையும் எழுத்து உடன்படிக்கையில் இருத்தல் வேண்டும் என்கின்றது.

சம்மாட்டிமாரைப் பகைப்பது எம் நோக்கமன்று. அவர்களிலும் கடன்பட்டுப் படகு வாங்கியோர் பலர். வாய்க்கணக்கு இருவருக்கும் கேடு என்பதே எம் வாதம். ஆகவே, ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் பங்கு உடன்படிக்கையை எழுத்தில் வாங்கிப் பதிதல் வேண்டும். எரிபொருட் பற்றுச்சீட்டையும் மீன் விற்ற சீட்டையும் தண்டையல் பார்வையிடும் உரிமையை நிலைநாட்டுதல் வேண்டும். அவ்வுடன்படிக்கையை எழுதிக்கொடுக்க நம் சட்டத்தரணிகள் துறைமுகத்துக்கு வருவார்களாக. திசை அறிந்து படகைக் கரை சேர்ப்பவனுக்குத் தன் கூலியின் கணக்கை அறிய உரிமையில்லையா?