நாவல் எழுத ஒரு துணை

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுதான் எனக்குக் கதை தோன்றும்! பாட்டியின் வாழ்க்கையை நாவலாக எழுத வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கைபேசியில் மூன்று அத்தியாயம் எழுதினேன். அது ஒருநாள் கெட்டது, எழுதினதெல்லாம் போச்சு. பாட்டியும் இப்போது இல்லை. விட்டுப்போனதை இனி யாரிடம் கேட்பேன்?

"அழாதேம்மா, நல்ல மென்பொருளாப் பார்ப்போம்" என்றாள் மகள்.

'ஸ்க்ரிவனர்' காசு கொடுத்து ஒரே தடவை வாங்குவது. மாதச் சந்தா கிடையாது. காட்சிக்கு ஒரு அட்டை எழுதி, பலகையில் குத்தின மாதிரி இடம் மாற்றலாம். 30 நாள் இலவசம். திறக்கிற நாள் மட்டுமே கணக்கு! வாரம் இரண்டு நாள் எழுதுகிற நமக்கு 15 வாரம் வரும். 'ஒய்ரைட்டர்' சைமன் ஹெய்ன்ஸ் என்ற நாவலாசிரியர் உருவாக்கியது. எந்தக் காட்சியில் யார், எந்த இடம் என்று குறித்துக்கொள்ளலாம். 'கூகுள் டாக்ஸ்' இலவசம். இணையம் இருந்தால் தானே சேமித்துக்கொள்ளும். கணினியில் தமிழில் பேசியும் எழுதலாம்.

நான் எடுத்தது கூகுள் டாக்ஸ். காட்சிக் குறிப்புக்கு மகளின் பழைய நோட்டு!

சகோதரிகளே, எதை எடுத்தாலும் மூன்றைப் பாருங்கள். யூனிகோடு தமிழ் ஒழுங்காக விழுகிறதா? எழுதினதை வேர்டு கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? வேறோர் இடத்தில் நகல் இருக்கிறதா?

என் நகல் பென் டிரைவில், நகைப் பெட்டிக்குள் பத்திரம். போன மூன்றில் இரண்டு அத்தியாயம் நினைவிலிருந்து திரும்பிவிட்டது.